முள் இல்லாத கடியாரம்

"ஏழு மணிக்குக் காபின்னு சொன்னேனா இல்லையா? இப்போ மணி என்ன, பார்த்துச் சொல்லு!"

சம்பந்தி பட்டாபிராமய்யர் இடது கையை நீட்டினார். கிச்சா டபரா டம்ளரோடு முழித்தான்.

அந்தக் கைக்கடியாரத்தில் முள்ளே இல்லை. முழுக்கத் தங்கத் தகடு. அதில் பொடிசாக இரண்டு ஜன்னல். மேலே மணி வரும், கீழே நிமிஷம். சீமையிலிருந்து மவுண்ட் ரோடு கடைக்கு வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லையாம்.

கிச்சா குனிவதற்குள் கையை இழுத்துக்கொண்டார்.

"உனக்கெங்கே புரியப்போறது! ஏழு அடிச்சு அஞ்சு நிமிஷம். மயிலாப்பூர்லே எல்லாமே இந்த லட்சணம்தானா?"

தங்கை கோமளத்தின் கல்யாணமாயிற்றே என்று கிச்சா பல்லைக் கடித்துக்கொண்டான்.

சம்பந்தி மாம்பலத்திலிருந்து நேற்று வந்து இறங்கியதிலிருந்து இதே கூத்து. கூடத்துச் சுவர்க் கடியாரம் பிந்துகிறது என்று பெண்டுலத்தைப் பிடித்து நிறுத்தியே விட்டார். "இந்தக் கல்யாணத்துக்கு என் வாட்ச் காட்டறதுதான் மணி!" என்று உத்தரவு வேறு.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் தாலி ஏறியாக வேண்டும்.

கன்னிகாதானத்துக்கு மணையில் உட்காரப்போன அப்பாவுக்குத் திடீரென்று மூச்சு இழுப்பு வந்துவிட்டது. கிச்சா அவரைத் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தான். அடுத்த தெரு டாக்டர் ஓடிவந்து ஊசி போட்டார்.

பந்தலில் சம்பந்தியின் தங்கை குஞ்சம்மாள் ஆரம்பித்தாள்.

"மணையிலே உட்காரும்போதே இப்படியா? எனக்கென்னமோ சகுனமே சரியில்லை. பத்தரை தாண்டித்தோ, பேசாம எழுந்து போயிடலாம் அண்ணா."

கோமளம் தலை நிமிரவில்லை. கண்ணீர் சொட்டிக் கூறைப்புடவை நனைந்தது.

பட்டாபிராமய்யர் வாட்சைப் பார்த்தார். சற்றுப் பொறுத்து மறுபடியும் பார்த்தார். உள்ளுக்கும் வாசலுக்கும் அலைந்த கிச்சா பார்த்தபோதெல்லாம் அவர் கண் மணிக்கட்டில்தான் இருந்தது.

அப்பா மூச்சுக்குத் தவிக்கிறார், இந்த மனுஷன் நிமிஷம் எண்ணிக்கொண்டிருக்கிறாரே! தாலி ஏறட்டும், அப்புறம் இவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று கிச்சா கறுவிக்கொண்டான்.

"அண்ணா, மணி என்ன ஆறது?" குஞ்சம்மாள் விடவில்லை.

"நாழி இருக்கு."

"எவ்வளவு இருக்கு?"

"இருக்குங்கறேனோல்லியோ! வாயை மூடிண்டு உட்காரு!"

ஒருவழியாக அப்பாவுக்கு மூச்சு அடங்கியது. கிச்சாவின் தோளைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி வந்து மணையில் உட்கார்ந்தார். வாத்தியார் மந்திரத்தை ஓட்டினார். தாரை வார்த்ததும் கெட்டிமேளம் முழங்கியது. கோமளத்தின் கழுத்தில் தாலி ஏறியது.

அட்சதை கையில் ஒட்டியிருக்கும்போதே கிச்சா சம்பந்தியைப் பந்தல் ஓரமாக மறித்தான்.

"மாமா, நீங்க பெரியவர். ஆனாலும் கேக்கறேன். எங்கப்பா உள்ளே உசிருக்குப் போராடிண்டிருந்தார். அப்பவும் உங்களுக்கு அந்த வாட்ச்தான் பெரிசாப் போச்சா? நீங்கள்ளாம் மனுஷர்தானா?"

பட்டாபிராமய்யர் வாரை அவிழ்த்து வாட்சை அவன் உள்ளங்கையில் வைத்தார்.

கிச்சா முதல் தடவையாக அதைக் கிட்டத்தில் பார்த்தான்.

மேல் ஜன்னலில் பத்து. கீழ் ஜன்னலில் ஐம்பது.

கிச்சா வாட்சிலிருந்து தலையைத் தூக்கினான். "மாமா..."

"உள்ளே கொண்டுபோய் என் பெட்டியிலே அடியிலே வை" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "யார் கேட்டாலும், உங்கப்பாவே கேட்டாலும், கீழே விழுந்து நின்னு போயிடுத்துன்னு சொல்லு."