முதல் தண்ணீர்

"இந்த மாசம் நம்ம தெருவுல ஒருத்தரும் தண்ணி வரி கட்டக் கூடாது!"

தையல் மெஷினை நிறுத்திவிட்டு முழங்கினாள் தையல்கார அக்கா.

"ஏன், என்ன ஆச்சு?" என்றார் அவள் கணவர்.

"தினமும் முதல் தண்ணி யார் தெருவுக்குப் போகுது? ஊராட்சித் தலைவி தெருவுக்கு! அவங்க குளிச்சு, துவைச்சு முடிச்சப்புறம்தான் நமக்கு. வரி மட்டும் எல்லாருக்கும் ஒண்ணா?"

"அடியே, மேலேயிருந்து பணம் வரும் வரும்னு பார்த்துக் கண்ணு பூத்துப் போச்சு. அந்தம்மா வந்துதானே, நம்ம வரியிலேயே நாமளே குழாய் போட்டுக்கலாம்னு தெருத் தெருவா மாத்துனாங்க? இப்ப நிறுத்திட்டா மிச்ச வேலை என்னாகும்?"

"பெரிய தலைவி! அவ புருஷனுக்கு நான் தைச்ச வெள்ளைச் சட்டை அதுக்குள்ள பழுப்பாயிடுச்சு. 'முதல் தண்ணி உங்களுக்குத்தானே, துவைக்க என்ன சோம்பல்?'னு நாலு பேர் எதிரிலேயே கேட்டேன். சிரிச்சு மழுப்பிட்டா."

மறுநாள் விடிந்தும் விடியாததுமாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு தலைவியின் தெருக் குழாய்க்கே போய்விட்டாள். வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே அவள் தெருப் பெண்களும்.

குழாயடியில் நின்றிருந்த தலைவி பதறினாள். "அக்கா, கொஞ்சம் பொறுங்க. இப்பப் பிடிக்காதீங்க."

"ஏன், உங்களுக்கு மிஞ்சாதோ?" தலைவியை இடித்துத் தள்ளிக் குடத்தை வைத்தாள்.

குழாய் இருமியது. செம்மண்ணைக் கரைத்தது போலக் கொட்டியது தண்ணீர். இரும்பு வாடை குப்பென்று அடித்தது.

"என்னது இது?"

"துரு, அக்கா." ஏதோ தன் தப்பு மாதிரி தலைவி கூசினாள். "தெருக் குழாயெல்லாம் மாத்தியாச்சு. தொட்டியிலேருந்து வர்ற பெரிய குழாய் மட்டும் பழசு. ராத்திரி தங்குற துரு முதல் தண்ணியோடதான் வரும். அது யாரோ ஒருத்தர் தெருவுல கொட்டித்தானே ஆகணும்? அதான் எங்க தெருவுக்கு முதல்ல திறக்கச் சொல்லிட்டேன். இங்கே எல்லாரும் என் சொந்தக்காரங்க, திட்டிக்கிட்டே பொறுத்துக்கிறாங்க."

பின்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். எதிரே தலைவி வீட்டுக் கொடியில் தையல்கார அக்கா தைத்த அந்தச் சட்டை பழுப்பேறித் தொங்கியது. அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

தலைவியே குனிந்து அவள் குடத்தைக் கவிழ்த்து ஊற்றினாள்.

"சீக்கிரம் போங்கக்கா, இன்னும் கொஞ்ச நேரத்துல உங்க தெருவுல நல்ல தண்ணி வந்துடும். அப்புறம்... அவருக்கு அடுத்த சட்டை காக்கித் துணியில தைச்சிடுங்க."