கதவில் எழுதிய வாரம்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. எதிர்வீட்டுக் கலியாணசுந்தரம் குளித்து, நீறு பூசி, கோயிலுக்குப் போகத் தன் டைனமோ சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கும் நான்கு தறி, எனக்கும் நான்கு தறி. என் வீட்டில் இரண்டு தறி பாவு நூல் ஏற்றாமல் சும்மா நிற்க, அவன் வீட்டில் நான்கும் தட்டுகிற சத்தம் தெரு தாண்டி என் காதில் வந்து விழுகிறது. "உனக்கு மட்டும் எப்படிப்பா நேரம் கெடைக்குது?" என்கிறேன். "எழுதி வெச்சுக்கினு செய்றேன், மயில்வாகனம். நீயே பாரு" என்று கதவைக் காட்டுகிறான். சாக்கட்டி எழுத்து வெயிலில் பளிச்சென்று இருக்கிறது. திங்கள், சாயம். செவ்வாய், சரிகை வாங்க. புதன், தெருவில் பாவு நீட்ட. ஏதாவது பிழை அகப்படாதா என்று வரிவரியாகப் படிக்கிறேன். 'வியாழன், மயில்வாகனத்தின் பாவுக்குக் கைகொடுக்க.' நேற்று வாசலில் வந்து நின்றவனை, நூல் தயாராகவில்லை என்று நான்தான் திருப்பி அனுப்பினேன். என் வேலைக்கும் அவனிடம் ஒரு கிழமை இருக்கிறது.