அக்சாவின் ஜன்னல்

ஷூ கம்பெனி பஸ் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டுகிறது. காலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு அக்சாவின் மடியில் விழுகிறது. மசக்கை, மூன்றாம் மாதம். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் வாயைத் திறந்தபடி காத்திருக்கிறது. ஒவ்வொரு குலுக்கலிலும் பக்கத்து சீட் பூரணியக்காவின் மல்லிகைச்சரம் அவள் கன்னத்தை உரச, குமட்டல் தொண்டைவரை வந்து திரும்புகிறது. ஆம்பூரின் தோல் பதனிடும் ஷெட்டுகள் நெருங்குகின்றன. பஸ் முழுக்கக் கண்ணாடிகள் சடசடவென்று மூடப்படுகின்றன, துப்பட்டாக்கள் மூக்குக்கு ஏறுகின்றன. அக்சா மட்டும் தன் கண்ணாடியை முழுக்கத் தள்ளித் திறந்து, முகத்தைக் கம்பியில் பதித்து, நெஞ்சு நிறைய மூச்சிழுக்கிறாள். “இன்னாடி பண்ற? இந்த நாத்தத்துல வாந்தி ஜாஸ்தியாவும், மூடு!” பூரணி பதறுகிறாள். அக்சா கவரை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போடுகிறாள். “பயப்படாதக்கா. உள்ள இருக்கிறது ஆம்பூர்ப் புள்ள. உன் பூவுதான் அதுக்கு ஆவமாட்டேங்குது.” பூரணியின் கை தன்னையறியாமல் பின்னலுக்குப் போகிறது.