அகலமான பின்சக்கரங்கள்

காரைக்காலில் 1987ஆம் வருஷத்துச் சித்திரை மாலை. முற்றத்தில் நிற்கும் கறுப்புக் காரின் மேல் வெயில் சரிகிறது. பிரான்சில் வேலை பார்த்த யாகப்பன் கப்பலில் கொண்டுவந்த கார். என்ஜின் விசை நான்கு சக்கரத்துக்கும் போகும். அதற்கென்று அவர் அங்கே வாங்கி அனுப்பிய புதுச் சக்கரங்கள், அவர் இறந்து இரண்டு மாதம் கழித்து வந்து சேர்ந்திருக்கின்றன. பின்னால் மாட்ட வேண்டிய இரண்டும் அகலம். மெக்கானிக் குஞ்சிதபாதம் முன்டயரைச் சுற்றி நூலை ஓட்டி முடிச்சுப் போடுகிறார். "அகலம் வேறயா இருந்தாலும் சுத்தளவு ஒண்ணா இருக்கணுங்கம்மா. இல்லேன்னா உள்ள பல்சக்கரம் தேஞ்சுடும்." யாகப்பனின் மனைவி சலோமி அந்த நூலையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பின்டயரைச் சுற்றிவந்த நூல்முனை முடிச்சைச் சரியாகத் தொடுகிறது. "சார் அளந்து பாத்துத்தாங்க வாங்கியிருக்காங்க." நட்டுகளை முறுக்கி ஜாக்கை இறக்கியதும் கார் மெல்ல அமர்கிறது. "ஒரு சுத்து போய்ப் பாக்கலாங்களா?" சலோமி முன்பக்கம் தன் வழக்கமான இருக்கையில் ஏறிக்கொள்கிறாள். குஞ்சிதபாதம் ஓட்ட, கடற்கரைச் சாலையில் கார் அலுங்காமல் ஓடுகிறது. "எப்படிங்கம்மா இருக்கு?" நன்றாக இருக்கிறது என்று சொல்லத் திரும்பியவள், ஸ்டியரிங்கில் யாகப்பனின் கை இருக்கும் இடத்தில் கிரீஸ் படிந்த விரல்களைக் கண்டதும் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.