தலையணையைப் பிடி

"வந்துட்டான் பாரு. எழவு வீட்டுக்கு வர்ற மாதிரியே வர்றான்!"

ஜன்னல் வழியாகக் காரிடாரைப் பார்த்த அழகேசன் பல்லைக் கடித்தார்.

வலது சிறுநீரகத்தில் கட்டி. புற்றுநோய் என்று தெரிந்ததும் அந்தச் சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள். இப்போது சிங்கப்பூர் ஆங் மோ கியோ வீட்டில் சோபாவே கதி. இருமினால், தும்மினால் தையல் சுண்டி இழுக்கும். அப்போது வயிற்றோடு அணைத்துக்கொள்ள ஒரு குட்டித் தலையணை எப்போதும் பக்கத்தில் கிடக்கும்.

நண்பர் தங்கராஜு உள்ளே வந்தார். தேக்கா மார்க்கெட்டில் வாங்கிய விரால் மீனை அழகேசனின் மனைவி சாமுண்டீஸ்வரியிடம் நீட்டினார்.

"சூப் வச்சுக் கொடு தங்கச்சி. புண்ணு சீக்கிரம் ஆறும்."

"ஏண்ணே தினமும் அலையுறீங்க?"

அவ்வளவுதான் பேச்சு. தங்கராஜு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து சீலிங் ஃபேனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"டிப்போல என்னடா விசேஷம்?" என்றார் அழகேசன்.

"ஒண்ணுமில்ல."

"புது சூப்பர்வைசர் எப்படி?"

"இருக்கான்."

கொஞ்ச நேரத்தில் எழுந்துகொண்டார். "ரெஸ்ட் எடு. வர்றேன்."

இவனா தங்கராஜு? இரண்டு பேரும் ஒரே டிப்போவில் பஸ் ஓட்டுகிறவர்கள். கேன்டீனில் தங்கராஜு வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவனுக்குக் குடித்த டீ மூக்கு வழியாக வரும். எழவு வீட்டிலேயே ஆட்களைச் சிரிக்க வைத்து அடி வாங்கப் பார்த்த ஆசாமி! அவன் ஏன் நம்ம முகத்தைக்கூடப் பார்க்க மாட்டேங்கிறான்?

வாசலில் செருப்பை மாட்டியபடி தங்கராஜு கிசுகிசுப்பது கேட்டது.

"இன்னும் எத்தனை நாளைக்கு தங்கச்சி? என்னால தாங்க முடியல."

"மெதுவா பேசுங்கண்ணே. அவர் காதுல விழப்போகுது."

மனைவி உள்ளே வந்ததும் அழகேசன் பிடித்துக்கொண்டார்.

"சாமுண்டி, டாக்டர் உண்மையில என்னதான் சொன்னார்?"

"எத்தனை தடவை கேப்பீங்க? கட்டியைச் சுத்தமா எடுத்தாச்சு, இன்னொரு கிட்னி நல்லா இருக்கு. உங்க கிட்டயேதானே சொன்னார்!"

"நீங்க எல்லாம் சேர்ந்து அவரைச் சொல்ல வச்சிருப்பீங்க."

"அடக் கடவுளே! டாக்டரை யாராவது அப்படிச் சொல்ல வைப்பாங்களா?"

வைப்பார்கள். அழகேசனே வைத்திருக்கிறார். அவருடைய அப்பாவுக்குப் புற்றுநோய் வந்தபோது, 'அல்சர்னு சொல்லிடுங்க டாக்டர்' என்று கெஞ்சியவர் இவர்தான். அப்பாவும் கடைசிவரை அல்சர் என்றே நம்பிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். பொய் சொல்லிப் பழகிய வீட்டில் நல்ல செய்தியைக்கூட எப்படி நம்புவது?

மறுநாளும் விரால் மீன் வந்தது. மறுநாளும் சீலிங் ஃபேன்.

அழகேசனுக்குப் பொறுக்கவில்லை. மனைவி அடுப்படிக்குப் போனதும் நண்பரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், நேத்து வாசல்ல பேசினதைக் கேட்டேன். எங்கிட்ட மறைக்காதடா. நான் திரும்ப ஸ்டியரிங் பிடிப்பேனா, இல்ல அவ்வளவுதானா?"

அவர் கண் கலங்கியிருந்தது. தங்கராஜு திருதிருவென்று விழித்தார். அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"தங்கச்சி சத்தியம் வாங்கியிருக்கு லா. சொல்லக் கூடாது."

நினைத்தது சரியாகப் போச்சு!

"பரவாயில்ல, சொல்லு. நான் தாங்கிக்குவேன்."

"தாங்குவியா? அப்ப முதல்ல அந்தத் தலையணையைப் பிடி. வயித்தோட நல்லா அமுக்கிப் பிடி."

பிடித்தார்.

"எத்தனை நாள்டா?"

"வியாழக்கிழமை வரைக்கும்."

"ஐயோ! வர்ற வியாழனா?"

"ஆமாடா. அன்னிக்குத்தானே உனக்குத் தையல் பிரிக்கிறாங்க? அதுவரைக்கும் உன்னைச் சிரிக்க வைக்க மாட்டேன்னு தங்கச்சிகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்!"

"என்னது?"

"ஆபரேஷனுக்கு மறுநாள் வார்டுல நான் ஒரு கதை சொல்லப்போக, நீ சிரிச்சு, தையல் இழுத்து, 'ஐயோ அம்மா'ன்னு அலறி... நர்ஸ் மிஸ்ஸி ஓடி வந்து என்னை வெளிய தள்ளிட்டாங்க. மருந்து மயக்கத்துல உனக்கு எல்லாம் மறந்துபோச்சு. சரி, வராம இருக்கலாம்னா உன்னைப் பார்க்காம இருக்க முடியல. வந்து உன் மூஞ்சியைப் பார்த்தா கதை கதையா வருது. அதான்டா உங்க வீட்டு ஃபேனையே பார்த்துக்கிட்டுக் கிடக்கேன்!"

அழகேசனுக்கு முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் வயிறு. வலியில் உயிரே போனது, கண்ணில் தண்ணீர் கொட்டியது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

"அண்ணே! அங்க என்ன சத்தம்?" கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள் சாமுண்டீஸ்வரி. "சத்தியம் என்னாச்சு?"

அழகேசன் தலையணையை இறுக்கிக்கொண்டே மூச்சு வாங்கினார்.

"அவனைத் திட்டாதே சாமுண்டி. போய் இன்னொரு தலையணை எடுத்துட்டு வா. இவன் இன்னும் கதையே ஆரம்பிக்கல!"