நாலு சொட்டு

இன்னாசிக்கும் அவன் மனைவி சலேத்துக்கும் ஒரே வயது. பார்க்கிறவர்கள் அப்பாவும் மகளும் என்பார்கள். தினமும் கடற்பாசிச் சாற்றை நாலு சொட்டு நாக்கில் விட்டுக்கொள்ளும் அந்தக் காலனியில் யாருக்கும் தோல் சுருங்குவதில்லை. பகலெல்லாம் ஆலையில் சாறு இறக்கும் தொட்டியருகே நிற்கிற இன்னாசிக்கு மட்டும் அதன் வாடையே குமட்டும்; அவன் அதை நாக்கில் வைத்ததில்லை.

போன மாதம் ஆலையில் எரிசாராயத்தை நிறுத்திவிட்டு மெத்தனாலில் பாசியை ஊறப்போடச் சொன்னார்கள்.

"விஷச்சாராயத்துல கெடக்கது இதுல்லா சார்? கண்ணை அவிச்சிருமே," என்றான் இன்னாசி.

"இதுலதான்யா சத்து முழுசா இறங்குது. கடைசில காய்ச்சுறப்ப மெத்தனால் ஆவியாப் போயிரும்," என்றார் மேலாளர்.

பிறகு அவரே, சூடு கூடினால் சத்து செத்துவிடும் என்று அடுப்பைத் தணிக்கச் சொன்னார். தணித்தவன் இன்னாசிதான்.

புதுச் சாறு நன்றாகவே வேலை செய்தது. சலேத்தின் கன்னம் முன்னைவிடப் பளபளத்தது. தலைவலிக்கிறது என்று மட்டும் அடிக்கடி சொன்னாள். தெருவில் பாதிப் பேருக்கு அதே தலைவலி. வெயில்தான் காரணம் என்று பேசிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்த சலேத், கண்ணாடி முன் நின்று தலைவாரிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே காலை வெயில் அவள் முகத்தில் விழுந்தது. இருபது வயது முகம். இன்னாசி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சீப்பு பாதியில் நின்றது.

"ஏங்க, கரண்டு போயிட்டா?"

தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவன் வாயைத் திறக்குமுன், எதிர்வீட்டிலிருந்தும் அதே கேள்வி கேட்டது.