கெல்லருக்குள்ள கிடக்குது

ஜெர்மனியின் வுப்பர்டாலில் இலை கொட்டத் தொடங்கியதிலிருந்து சாருகா பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியெல்லாம் மரத்தடிகளில் உதிர்ந்து கிடந்த கஸ்தானியன் கொட்டை பொறுக்கினாள். மஞ்சள் பை நிறைந்துவிட்டது. ஒருநாள் அதற்குள் புழு நெளிவதைக் கண்ட குகதாசன், மகளுக்குத் தெரியாமல் பையோடு குப்பைத் தொட்டியில் போட்டான். மறுநாள் குப்பை வண்டி வந்து அள்ளிக்கொண்டும் போனது.

"அப்பா, என்ர கஸ்தானியன் எங்க? பொம்மை செய்து தாறன் எண்டு சொன்னனீங்களே."

"கீழ கெல்லருக்குள்ள கிடக்குது, குஞ்சு. பிறகு எடுப்பம்."

வாய் கூசாமல் வந்தது. கோடையில் அவள் வளர்த்த ஹாம்ஸ்டர் எலி ஃப்ளொக்கி செத்தபோதும் இதையேதான் சொன்னான். மேலே வெக்கை, கட்டடத்துக்கு அடியில் கெல்லருக்குள் குளிர்மையாகப் படுத்திருக்கிறது என்று. அதையும் பேப்பரில் சுற்றி அதே தொட்டியில்தான் போட்டிருந்தான். அதன்பிறகு அவள் ஒரு கேள்வியும் கேட்காததுதான் அவனை இன்றுவரை குடைந்துகொண்டிருந்தது.

தேத்தண்ணி ஊற்றிவிட்டுத் திரும்பியபோது ஆணியில் தொங்கும் கெல்லர்த் திறப்பைக் காணவில்லை. பையை யாரோ களவெடுத்துவிட்டார்கள் என்று சொல்லலாமா என யோசிப்பதற்குள் சாருகா படியேறி வந்துவிட்டாள். கையில் அதே மஞ்சள் பை.

மேசையில் கொட்டினாள். உருண்டோடிய கொட்டைகளில் பாதிக்கு மேல் சின்னச் சின்னப் பற்கள் பதிந்திருந்தன.

"ஃப்ளொக்கியை ஏசாதேங்கோ அப்பா," என்றாள். "அதுக்குச் சரியான பசி. நீங்கள் ஒருநாளும் சாப்பாடு கொண்டுபோய்க் குடுக்கேல்லையாம்."